மாடிப்படி விளக்கும் ஐநா தீர்மானமும்

போன இதழில் ஒரு வாசகிக்கு, "அமைதி, பாதுகாப்பு, பாலினம் மூன்றையும் சேர்த்து முதுகலை படிக்கலாம், நல்ல துறைதான்" என்று மூன்றே வரியில் பதில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் முப்பது வரியாவது எழுதியிருக்க வேண்டும் போலிருக்கிறது. ராசிபலன் பக்கத்துக்குக்கூட இத்தனை பேர் எழுதுவதில்லை என்று ஆசிரியர் சொன்னார், கொஞ்சம் பொறாமையோடு. சரி, இந்த மாதம் மாமியார் பிரச்சினையும் முடி உதிர்வதும் காத்திருக்கட்டும். இது ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அக்கா, எனக்கு 24 வயது. அனைத்துலக உறவுகள் படித்துவிட்டு ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன இந்த முதுகலைப் படிப்பைப் படிக்க ஆசை. ஆனால் அம்மா, "சண்டையே இல்லாத நாட்டுல உட்கார்ந்துக்கிட்டு சமாதானத்தப் படிச்சு என்னா செய்யப் போற?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகி, செந்தூல்

தங்கச்சி, அம்மா கேட்டது நல்ல கேள்வி. கோபப்படாதே. முதலில் அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி தருகிறேன். நீ இருக்கிற இதே கோலாலம்பூரில்தான் பக்கத்து நாட்டுச் சண்டை ஒன்றுக்குப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. பிலிப்பைன்ஸ் அரசாங்கத்துக்கும் மிண்டனாவோ தீவின் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே 2001ஆம் ஆண்டிலிருந்து மலேசியா அனுசரணை செய்து வந்தது. 2014 ஜனவரியில் கடைசி இணைப்பு ஆவணம் கோலாலம்பூரில் முடிவானது, அதே ஆண்டு மார்ச் 27ஆம் தேதி மணிலாவில், மோரோ மக்களுக்குத் தன்னாட்சிப் பகுதி தரும் பங்சமோரோ முழு உடன்பாடு கையெழுத்தானது. நாம் மதியம் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற நாட்களில், சில கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு ஹோட்டல் அறையில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளின் கதி பேசப்பட்டுக்கொண்டிருந்தது. நமக்குத்தான் தெரியாது.

அந்த உடன்பாட்டில் அரசாங்கத் தரப்புப் பேச்சுவார்த்தைக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்துப் போட்டவர் மிரியம் கொரோனெல் ஃபெரர், ஒரு பேராசிரியை. கிளர்ச்சிக் குழு ஒன்றோடு இவ்வளவு பெரிய உடன்பாட்டில் தலைமைப் பேச்சாளராகக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர். பெண் உட்கார்ந்தால் என்ன மாறும் என்று கேட்பார்கள், மாறியது. வருமானப் பகிர்வு ஆவணத்தில், மேம்பாட்டு உதவி நிதியாக வருவதில் குறைந்தது 5 விழுக்காடு பெண்களுக்கான திட்டங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். பிறகு 2018இல் வந்த பங்சமோரோ சட்டத்தில், அந்தப் பகுதியின் நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென்று தனி இடமும் வந்தது. 5 விழுக்காடுதானா என்று சிரிக்கலாம். பூஜ்யத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

ஆனால் இந்தப் படிப்பு என்னவென்று எனக்கு உறைத்தது மணிலாவிலிருந்து அல்ல, நம்ம செலாயாங் பக்கத்து ஒரு அடுக்குமாடியிலிருந்து. 2011 வாக்கில் ஒரு தொண்டு அமைப்புக்காக, இலங்கையிலிருந்து வந்து இங்கே தங்கியிருந்த அகதிக் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்கப் போவேன். நம்ம நாடு 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்பாட்டில் கையெழுத்துப் போடவில்லை, அதனால் அவர்களுக்குச் சட்டப்படி வேலை கிடையாது, ஐநா அட்டை மட்டும்தான் துணை. ஒருநாள் அமைப்பிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர், "பாதுகாப்பு விஷயத்தில் உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டார். கூடத்து நாற்காலியெல்லாம் ஆண்கள். போலீஸ் பிடிப்பது, அட்டை புதுப்பிப்பது, முதலாளி சம்பளம் தராதது என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. நானும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன், அவரும் எழுதிக்கொண்டே வந்தார். கூட்டம் முடிகிற நேரத்தில் பிளேன்டீ தட்டோடு வந்த ஒரு அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நாலாம் மாடிப் படியிலை லைற் எரியிறேல்லை. ரா வேலை முடிஞ்சு வாற பெட்டையள் மூண்டாம் மாடியிலையே நிண்டு, ஆரும் துணைக்கு வருமட்டும் பாத்துக்கொண்டு நிக்கினம். அதையும் எழுதச் சொல்லுங்கோ." கூடத்தில் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அதே படியில்தான் ஏறி இறங்குகிறார்கள், விளக்கு எரியவில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் "பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் அந்த விளக்கு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் படியைத்தான் ஒன்றிரண்டு ஆண்டு உட்கார்ந்து படிக்கப் போகிறாய். பாதுகாப்பு என்று அரசாங்கம் எழுதும்போது யாருடைய பயம் அதற்குள் வருகிறது, யாருடைய பயம் சமையலறையிலேயே நின்றுவிடுகிறது, மேசையில் யார் உட்கார்ந்தார்கள், உட்காராதவர்களின் பங்கு எந்தப் பத்தியில் காணாமல் போனது, இதெல்லாம். அம்மாவிடம் மணிலா கதையைச் சொன்னால் "ஓ" என்று கேட்டுக்கொள்வார். விளக்குக் கதையைச் சொல்லிப் பார், அவரே இன்னும் நாலு சொல்வார்.

வணக்கம். நான் ஆண், வயது 27. இந்தத் துறை பிடித்திருக்கிறது என்று சொன்னதும் நண்பர்கள் "மாதர் சங்கத்தில் சேரப்போறியாடா" என்று கிண்டல் செய்கிறார்கள். ஆண்கள் படிக்கலாமா?
– வாசகர், கிள்ளான்

தாராளமாக. உங்கள் நண்பர்களிடம் பாலினம் என்றால் பெண் என்று யார் சொன்னது என்று கேளுங்கள் தம்பி. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஏறத்தாழ 8,000 பேரைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். எல்லாரும் ஆண்களும் சிறுவர்களும். ஆண் என்பதாலேயே "இவன் நாளைக்குத் துப்பாக்கி தூக்குவான்" என்று முடிவு செய்தார்கள். அதுவும் பாலினப் பிரச்சினைதான். போரில் ஆண்கள் மீதும் பாலியல் வன்முறை நடக்கிறது. அவர்கள் வெட்கத்தில் வாயே திறப்பதில்லை, வைத்தியரிடம்கூடச் சொல்வதில்லை. 2013இல் வந்த 2106ஆம் இலக்கத் தீர்மானத்தில்தான் ஐநா பாதுகாப்பு மன்றம் ஆண்களும் சிறுவர்களும் இதற்கு ஆளாகிறார்கள் என்று எழுத்தில் குறிப்பிட்டது. ஆம்பளை அழக்கூடாது, ஆம்பளைதான் காவல் நிற்க வேண்டும், தோற்றுப்போனால் அவன் ஆம்பளையே இல்லை என்று ஒரு பையனை வளர்ப்பதில் எத்தனை சண்டைகளின் வேர் இருக்கிறது என்று ஆராய ஆண்களும் வேண்டும். வகுப்பில் நீங்கள் ஒருவர்தான் ஆணாக இருப்பீர்கள் என்றும் பயப்படத் தேவையில்லை, ராணுவத்திலிருந்தும் போலீசிலிருந்தும் ஆட்கள் இந்தப் படிப்புக்கு வருகிறார்கள்.

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். போன இதழில் ஐநாவின் 1325ஆம் தீர்மானம் என்று எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன் என்று தவறாக எண்ண வேண்டாம். தீர்மானங்களால் எந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? ஈழத்தில் என்ன நடந்தது என்று நாமெல்லாம் பார்த்தோம். காகிதத்தைப் படித்துப் பட்டம் வாங்குவதற்கு ஏன் பிள்ளைகளை ஊக்குவிக்கிறீர்கள்?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

ஐயா, இந்தக் கடிதத்தை மூன்று நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

1325 என்ன என்று தெரியாத வாசகர்களுக்காக முதலில் கொஞ்சம். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 31, பாதுகாப்பு மன்றத்துக்கு நமிபியா தலைமை வகித்த மாதம். எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட தீர்மானம் அது. மொத்தம் 18 அம்சங்கள், சில பக்கங்கள்தான். போரில் பெண்களைக் காப்பது, போரைத் தடுப்பதிலும் பேச்சிலும் அவர்களைச் சேர்ப்பது, போருக்குப் பிறகான நிவாரணத்தில் அவர்களை மறக்காமலிருப்பது, இவ்வளவுதான் சாரம். நம்ம பக்கத்து வங்காளதேசத்தின் தூதர் அன்வாருல் சௌத்ரி அதே ஆண்டு மார்ச்சில் மன்றத்துக்குத் தலைமை வகித்தபோது போட்ட விதை, அதற்குப் பின்னால் உலகம் முழுவதும் பெண்கள் அமைப்புகள் ஓடி ஓடித் தள்ளிய தேர். அப்புறம் 2008இல் 1820 வந்தது. பாலியல் வன்முறை போரின் தவிர்க்க முடியாத பக்கவிளைவு என்று கையை விரித்த காலம் போய், அதைப் போர் உத்தியாகவே பயன்படுத்துகிறார்கள் என்று ஒத்துக்கொண்ட தீர்மானம் அது. 2019 வரை மொத்தம் பத்துத் தீர்மானங்கள்.

பத்துத் தீர்மானம் வந்தும் கணக்கு என்ன சொல்கிறது? 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய சமாதான முயற்சிகளை எடுத்துப் பார்த்தால் பேச்சு நடத்தியவர்களில் பெண்கள் சராசரியாக 13 விழுக்காடு, நடுவர்களில் 6, கையெழுத்துப் போட்டவர்களில் 6. ஆகவே நீங்கள் காகிதம் என்று சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை.

ஈழத்தைச் சொன்னீர்கள். அங்கே நடந்த ஒன்றை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நார்வே அனுசரணையில் பேச்சு நடந்த காலத்தில் பெண்கள் விவகாரத்துக்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அரசாங்கத் தரப்பில் ஐந்து பெண்கள், கல்வியாளர் குமாரி ஜயவர்தன தலைமையில். புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள், அரசியல்துறை மகளிர் பிரிவின் தமிழினி தலைமையில். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் உட்கார்ந்து பேசினார்கள். மீள்குடியேற்றம், ஆள் பாதுகாப்பு, பிழைப்பு, அரசியல் பங்கு என்று பேச வேண்டியவற்றின் பட்டியலில் உடன்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள் ஐயா, இருபது ஆண்டு சண்டை, இரண்டு பக்கத்துப் பெண்கள், ஒரே அறை. ஏப்ரலில் பெரிய மேசைப் பேச்சு நின்றது. அதோடு இதுவும் நின்றது. ஏன் என்றால் அது பக்கத்து அறை. பெரிய மேசையின் முதன்மைப் பேச்சாளர்கள் எல்லாம் ஆண்கள், அந்த மேசை கவிழ்ந்தால் பக்கத்து அறையின் விளக்கும் அணைந்துவிடும் என்கிற மாதிரிதான் வீட்டைக் கட்டியிருந்தார்கள்.

இதைத்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்கிறேன். தீர்மானத்தை மனப்பாடம் செய்வதற்கு முதுகலை எதற்கு, ஒரு மாலைப்பொழுது போதும். பக்கத்து அறை ஏன் பக்கத்து அறையாகவே இருந்தது, யார் அதை அப்படி வடிவமைத்தார்கள், வேறு இடங்களில் கதவை எப்படித் திறந்தார்கள் என்று பார்ப்பதற்குத்தான் படிப்பு.

லைபீரியாவில் எப்படித் திறந்தார்கள் தெரியுமா? 2003இல் கானாவின் அக்ராவில் பேச்சு நடக்கிறது. போர்த் தலைவர்கள் ஹோட்டலில் வசதியாகத் தங்கிக்கொண்டு வாரக்கணக்கில் இழுக்கிறார்கள், ஊரில் குண்டு விழுகிறது. லேமா குபோவீ என்கிற பெண்ணின் தலைமையில் வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் கைகோத்துக்கொண்டு பேச்சு மண்டபத்தின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் வெளியே போகக்கூடாது. காவலர்கள் கைது செய்ய வந்தபோது குபோவீ தன் ஆடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண் ஒருத்தி அப்படிச் செய்வது பார்ப்பவனுக்குப் பெரும் சாபம் என்று அந்த மண்ணில் நம்பிக்கை, காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட்டில் உடன்பாடு கையெழுத்தானது. அவருக்கு 2011இல் நோபல் கிடைத்தது. வயிறெரிந்து மண்ணை வாரித் தூற்றினால் குலம் தழைக்காது என்று நம்ம ஊர்க் கிழவிகள் சொல்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாததா?

அடுத்த கட்டத்திலும் ஒரு கதவு உண்டு. சியரா லியோனில் போர் முடிந்து ஆயுதம் களையும்போது, துப்பாக்கியை ஒப்படைத்தால்தான் மறுவாழ்வுத் திட்டத்தில் சேரலாம் என்று விதி வைத்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் படைகளோடு கடத்திக்கொண்டு போகப்பட்ட பெண்பிள்ளைகள் சமைத்தார்கள், சுமை தூக்கினார்கள், பலவந்தமாக மனைவியாக்கப்பட்டார்கள். பலருடைய கையில் துப்பாக்கி இல்லை, இருந்தவர்களிடமிருந்தும் பலநேரம் தளபதி வாங்கித் தன் ஆளுக்குக் கொடுத்துவிட்டான். அதனால் பயிற்சியும் இல்லை, பணமும் இல்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் அந்த விதியை எழுதவில்லை, எழுதியவர்களுக்கு இந்தப் பெண்பிள்ளைகள் கண்ணில் படவில்லை. அடுத்த முறை அப்படி ஒரு விதியின் வரைவு மேசைக்கு வரும்போது, "துப்பாக்கி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்க அங்கே ஒருத்தி இருந்தால் நல்லது. அந்த ஒருத்தி உங்கள் பழைய மாணவியாக இருந்தால் இன்னும் நல்லது ஐயா. திட்டத்தான் எழுதினீர்கள், இருந்தாலும் இன்னும் எழுதுங்கள்.

அக்கா, எங்கே படிக்கலாம்? எவ்வளவு செலவாகும்? நான் பட்டர்வொர்த். லண்டனில் இதற்கென்றே படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைக்குமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பிடிபிடிஎன் டிப்ளோமாவுக்கும் முதல் பட்டத்துக்கும்தான். முதுகலைக்குக் கிடையாது, அந்த ஆசையை விட்டுவிடு.

லண்டன் பொருளியல் பள்ளியில் பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்று தனி மையமே 2015இல் தொடங்கினார்கள், இந்தத் துறையில் முதுகலையும் நடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் எழுபதுகளிலிருந்தே அமைதி ஆய்வுக்குப் பேர்போனது. கோஸ்டாரிகாவில் 1980இல் ஐநா பொதுச்சபை தீர்மானம் போட்டு அமைத்த அமைதிப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் பாலினமும் அமைதிக் கட்டமைப்பும் என்றே முதுகலை நடத்தியிருக்கிறார்கள். செலவைக் கேட்டாய். லண்டனில் ஓராண்டு, கட்டணமும் தங்குவதும் சாப்பாடுமாக இரண்டு லட்சம் வெள்ளிக்குக் குறையாது. அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக்கொண்டு போகாதே. திட்டுவதாக நினைத்தாலும் பரவாயில்லை, இன்னொரு முறை சொல்கிறேன், இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கிக்கொண்டு போகாதே. மருத்துவம் படித்தவர் மாதிரி வந்ததும் அடைத்துவிடலாம் என்கிற சம்பளம் இந்தத் துறையில் தொடக்கத்தில் கிடையாது.

உபகாரச் சம்பளம் இருக்கிறது. செவனிங், பிரிட்டிஷ் அரசாங்கத்துடையது, ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவும் தருவார்கள். ஆனால் இரண்டாண்டு, அதாவது 2,800 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டாண்டு இருக்க வேண்டும். ரோட்டரி அமைதி உபகாரச் சம்பளமும் நல்லது, முதுகலைக்கு மூன்றாண்டு தொடர்புள்ள அனுபவம் கேட்பார்கள். ஒன்று கவனி. அப்பாவோ அம்மாவோ இப்போது ரோட்டரி உறுப்பினராக இருந்தால் பிள்ளை விண்ணப்பிக்க முடியாது. ரோட்டரியில் நமக்கு ஆளிருக்கிறது, சொல்லி வாங்கிவிடலாம் என்று நம்ம ஆட்கள் கிளம்புவார்கள் பார், அது நடக்காது. இரண்டிலும் ஒரு பொது விஷயத்தைப் பார்த்தாயா? வேலை அனுபவம். பட்டம் முடித்த கையோடு ஓடாதே, இரண்டு மூன்று ஆண்டு எங்காவது கால் ஊன்று. அகதிப் பள்ளியில் பாடம் நடத்து, பெண்கள் உதவி மையத்தில் தொலைபேசி எடு, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் வேலை பார். வகுப்பில் உட்காரும்போது பேச உன்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இதெல்லாம் போக, நீ பட்டர்வொர்த்காரி. பாலத்தைத் தாண்டினால் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பெண்கள் ஆய்வுக்கான கனித்தா மையம் அங்கே எழுபதுகளின் கடைசியிலேயே ஒரு ஆய்வுத் திட்டமாக முளைத்தது. அமைதிக் கல்விக்கும் அங்கே ஒரு பிரிவு வேலை செய்து, ஆச்சே, மிண்டனாவோ, தென்தாய்லாந்து என்று இந்த வட்டாரத்துச் சண்டைகளைப் பற்றிய ஆய்வாளர்களை ஒன்றாக இணைத்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாலின ஆய்வும் உண்டு, அனைத்துலக, வியூக ஆய்வுத் துறையும் உண்டு. "பாலினமும் பாதுகாப்பும்" என்று பெயர்ப்பலகை மாட்டிய படிப்பைத் தேடி அலையாமல், ஆய்வு வழி முதுகலையில் நல்ல மேற்பார்வையாளர் ஒருவரைப் பிடித்து உன் தலைப்பை நீயே அமைத்துக்கொண்டால் செலவு லண்டனின் ஒரு சிறு பங்குதான். ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க வழியிருக்கிறது, கணக்கில் இருந்தால் கேட்டுப் பார். வெளிநாடு போவதாக இருந்தால், பணம் கட்டும் முன்பே அந்தப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று விசாரித்துவிடு, அரசாங்க வேலை நினைப்பு இருந்தால் இது கட்டாயம்.

வேலை கிடைக்குமா? ஒரே வரியில் பதில் சொல்லவும்.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

இந்தப் பெயரில் வேலை விளம்பரம் அரிது, இந்தப் படிப்போடு கூட மலாயில் நல்ல அறிக்கை எழுதவோ, புள்ளிவிவரம் கையாளவோ, பட்ஜெட் படிக்கவோ தெரிந்திருந்தால் அமைச்சு, ஐநா அலுவலகம், ஆய்வு நிறுவனம், அரசுசாரா அமைப்பு என்று கிடைக்கும்.

ஒரே வரிதான், நீளமாகப் போய்விட்டது.

வணக்கம் அக்கா. நான் பினாங்கில் முதுகலை படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை. கொலம்பியா அல்லது ருவாண்டா எடுக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் போக வசதியில்லை. அகதிப் பெண்களை நேர்காணல் செய்யலாம் என்றும் ஒரு யோசனை. உங்கள் கருத்து?
– மாணவி, குளுகோர்

கொலம்பியா போகாமல் கொலம்பியாவைப் பற்றி எழுதினால் இணையத்தில் இருப்பதை வேறு வார்த்தையில் எழுதுவாய், அவ்வளவுதான். சபாவைப் பாரேன். 2013 பிப்ரவரியில் லஹாட் டத்துவில் பிலிப்பைன்ஸின் சூலு தீவுகளிலிருந்து ஓர் ஆயுதக் கூட்டம் ஊடுருவிய பிறகு கிழக்கு சபாவுக்கென்று தனிப் பாதுகாப்பு வட்டாரம் அமைத்தார்கள். 2014 ஜூலையிலிருந்து அந்தக் கடலில் சாயந்திரம் ஆறு முதல் காலை ஆறு வரை ஊரடங்கு, அதை மறுபடி மறுபடி நீட்டித்துக்கொண்டே போனார்கள். ஆள் கடத்தலைத் தடுக்க வேண்டும், காரணம் இருக்கிறது. ஆனால் கணவன் இரவு கடலுக்குப் போக முடியாத வீட்டில் விடியற்காலையில் சந்தைக்கு மீன் தூக்கிப் போகும் பெண்ணின் நாள் எப்படி மாறியது? அடையாள ஆவணம் இல்லாத பெண்ணாக இருந்தால், சோதனைச் சாவடி அவளுக்குப் பாதுகாப்பா பயமா? இதுவும் பாதுகாப்புக் கொள்கைதான், நம்ம சொந்தக் கொள்கை. விமானச் சீட்டும் கட்டுப்படியாகும். ஆசியான் அளவில் பார்க்க விரும்பினால், பெண்கள், அமைதி, பாதுகாப்புக்கான வட்டாரச் செயல்திட்டத்தை 2022இல் ஏற்றுக்கொண்டார்கள். அதில் எழுதியிருப்பதையும் ஒரு கிராமத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

அகதிப் பெண்களை நேர்காணல் செய்வது பற்றிக் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதே. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கும்போது அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே "முடியாது" என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா பார். நீ ஐநா அலுவலகத்துக்குச் சொல்லி அட்டை சீக்கிரம் வாங்கித் தருவாய் என்று நினைத்துக்கொண்டு பேசலாம், "என்னால் அது முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிடு, இரண்டு தடவை சொல். நடந்ததை நடந்தபடி கேட்டுத் தோண்டாதே, அதற்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இப்போது எப்படி வாழ்கிறார்கள் என்று கேள், அதிலேயே எல்லாம் வரும். கணவனோ மாமியாரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பி வா. அப்புறம், மொழிபெயர்ப்பாளருக்குக் கூலி கொடு.

கடைசியாகச் சொன்னது என் சொந்தக் கடுப்பு. ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவி வந்தாள், பேர் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். நல்ல பெண், மரியாதையாகத்தான் பேசினாள். முன்னே சொன்னேனே, மாடிப்படி விளக்கைப் பற்றிச் சொன்ன அம்மா, அவரை மூன்று மணி நேரம் பேட்டி எடுத்தாள். நான்தான் நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். வன்னியில் கடைசி மாதங்களைப் பற்றிக் கேட்டாள். அந்த அம்மா மடியில் ஒரு முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார், பேட்டி முடியும்போது கீரையில் தண்டு எது இலை எது என்று தெரியாதபடி எல்லாம் நுணுங்கிக் கிடந்தது. ஆய்வேட்டின் ஒரு பிரதியை அனுப்புகிறேன், தமிழில் ஒரு பக்கச் சுருக்கமாவது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றும் வரவில்லை. நான் மூன்று மின்னஞ்சல் போட்டேன்.

ஓராண்டு கழித்துச் செலாயாங் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கையில் இரண்டு பை, ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். ஊர்ப் பேச்சு, அட்டைப் பேச்சு, மகளுக்கு வேலை கிடைத்த பேச்சு எல்லாம் முடிந்து பஸ் நிறுத்தம் வந்ததும் கேட்டார்:

"அந்தப் பிள்ளை சோதினை பாஸ் பண்ணிட்டுதோ?"